சூரிச் போகிற வழியில் கார்ல்ஸ்ரூஹே

1

இந்தக் கோடை விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று வேலையிடத்தில் சபீனா கேட்டாள். லண்டனுக்கு, அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன் வீட்டுக்கு என்றேன். போன வருடம்? சூரிச், மாமா வீடு. அதற்கு முதல்? பாரிஸ், சித்தி வீடு. சபீனா கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அது விடுமுறை இல்லை, சொந்தக்காரரைப் பார்க்கப் போவது என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. ஈபிள் கோபுரத்தை நான் சித்தப்பாவின் வானுக்குள் இருந்தபடிதான் பார்த்திருக்கிறேன். இறங்கினால் வானை நிறுத்த இடம் தேட வேண்டும், சித்தி வீட்டில் கோழிக்கறி ஆறிவிடும் என்று அவசரப்படுத்தினார்கள்.

வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் நாடு நாடாகச் சுற்றித் திரிகிறோம் என்று ஊரில் இருக்கிற நீங்கள் நினைக்கிறீர்கள். சுற்றுகிறோம்தான். ஆனால் ஹோட்டல் என்ற ஒன்றுக்குள் எங்கள் குடும்பம் இன்றுவரை கால் வைத்ததில்லை. விடியமுன் எழும்பி அம்மா இடியப்பம் அவிப்பார். கட்டைச்சம்பல், முட்டைப்பொரியல், சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர். அப்பா காரின் சில்லுகளைக் காலால் தட்டிப் பார்ப்பார். அப்படித் தட்டிப் பார்த்து என்ன தெரிந்துகொள்கிறார் என்று யாருக்கும் தெரியாது. என் தங்கச்சி துளசி பின் ஆசனத்தில் காதுக்குள் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு எங்கள் மூவரையும் மறந்துவிடுவாள். நெடுஞ்சாலையோரத்து உணவுக்கடைகளில் அப்பா நிறுத்துவது கழிவறைக்கு மட்டும். அந்த அழகான மேசை கதிரைகளைத் தாண்டிப் போய், கார்த் தரிப்பிடத்தின் மூலையில் பெட்டியைத் திறந்து இடியப்பம் சாப்பிடுவோம். பக்கத்துக் கார்க்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். சின்ன வயதில் எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது, வேண்டுமா என்று கேட்கிறேன். ஒருமுறை ஒரு கிழவர் உண்மையாகவே வாங்கிச் சாப்பிட்டார். சம்பல் உறைத்துக் கண்ணீர் வந்தும் விடவில்லை.

எங்கள் பயணங்கள் எல்லாம் இப்படித்தான் முடியும். போன வருடத்துச் சூரிச் பயணம் மட்டும் இப்படி முடியவில்லை.

2

நான் மேகலா. ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜேர்மனிக்கு வந்தேன். அப்பா எங்களுக்கு முதலே வந்து, அகதி முகாமில் இருந்து, பிறகு ஹம் நகரத்தில் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை எடுத்தவர். இன்றும் அதே தொழிற்சாலைதான். நான் இங்கேயே படித்து, முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் செய்து, அதாவது வேலையும் படிப்புமாக மூன்று வருடம் பழகி, இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். துளசி இங்கே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஜேர்மன் மொழியில் பதில் சொல்வாள். அம்மாவுக்கு அது விளங்காது என்று அவள் நினைக்கிறாள். அம்மாவுக்கு எல்லாம் விளங்கும், விளங்காத மாதிரி இருப்பது அவருக்கு வசதி.

சாம் என்கிறவனை நான் இங்கே ஹம்மில் எங்கள் கோயில் தேரன்று கண்டேன். ஜேர்மனி முழுவதும் இருந்து சனம் வந்து குவியும் நாள். நான் தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்த்துக்கொண்டு நின்றேன். கார்ல்ஸ்ரூஹேயில் கணினி வேலை செய்கிற இந்தியத் தமிழ்ப் பெடியன்கள் ஐந்து பேர், ஐந்து பேருக்கு ஒரே ரிக்கற் என்ற மலிவு ரயிலில் ஆறேழு இடத்தில் மாறி ஏறி வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் மோரை வாங்கி வாங்கிக் குடித்தான். கடைசியில் மிகவும் மரியாதையாக, "எக்ஸ்க்யூஸ் மீ, இங்க டாய்லெட் எங்க இருக்கு?" என்று கேட்டான். என் காதல் கதையின் முதல் வசனம் இதுதான். இதைவிட அழகாக ஒன்றைச் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நான் அவனைப் பகிடி பண்ணுவேன்.

சாமுவேல் என்பது முழுப்பெயர். பாளையங்கோட்டைப் பெடியன், கிறிஸ்தவன். நண்பர்கள் கோயிலுக்குப் போகிறார்கள், அங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று கேள்விப்பட்டுக் கூட வந்தவன். பிறகு தொலைபேசியில் கதைத்தோம், பிராங்பேர்ட்டில் சந்தித்தோம், ஆற்றங்கரையில் நடந்தோம். நான் "ஓம்" என்பேன், அவன் "ஆமா" என்பான். ஒரு வருடம் கழித்து நான் "ஆமா" என்றேன், அவன் "ஓம்" என்றான், இரண்டு பேரும் சிரித்தோம். கலியாணம் செய்வதென்று முடிவெடுத்தது அந்த நாட்களில்தான்.

வீட்டில் சொன்னபோது அம்மா, "வேதக்காரப் பெடியன், அதிலும் இந்தியாக்காரன்," என்று தலையில் கை வைத்தார். அப்பா கோபப்படவில்லை. எங்களுடைய ஆட்களிடையே ஒரு சம்பந்தம் வந்தால் விசாரிக்கிற முறை உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். லண்டனுக்கு ஒரு அழைப்பு, ரொறன்ரோவுக்கு ஒரு அழைப்பு, பின்னேரத்துக்கிடையில் மாப்பிள்ளையின் பாட்டன் யாரோடு வேலிச்சண்டை பிடித்தார் என்பதுவரை வந்துவிடும். பாளையங்கோட்டையைப் பற்றி அப்பா யாரிடம் விசாரிப்பார்? தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த எண்ணை அழுத்துவதென்று தெரியாமல் இருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

பிறகு ஒருநாள் மனதில் இருந்ததைச் சொன்னார். "அவனுக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருக்குப் பிள்ளை. எங்களுக்கு இல்லை. அவன் ஒருநாள் போவான். போகேக்கை உன்னையும் கொண்டுபோவான்."

மதமும் நாடும் அல்ல, இதுதான் அவருடைய பயம். விட்டு வந்ததும் விட்டுப் போனதும் போதும், இனி ஒரு பிள்ளையை விமானம் ஏற்ற அவரால் ஏலாது. எனக்கு அது விளங்கியது. ஆனால் சாமும் எனக்கு வேண்டும். அப்பாவின் முகம் கோணாமலும் இருக்க வேண்டும். பதிவுத் திருமண அலுவலகத்தில் போய்க் கையெழுத்து வை, பிறகு எல்லாம் சரிவரும் என்று சிநேகிதிகள் சொன்னார்கள். பெற்றவர்களில் இரக்கம் இருந்தால் அந்தப் பெடியனை விட்டுவிடு என்று சித்தி பாரிஸிலிருந்து எடுத்துச் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். சாமையும் விட மாட்டேன், அப்பாவையும் விட மாட்டேன்.

3

இரக்கம் என்ற சொல்லை எங்களுடைய ஆட்கள் எதற்கெல்லாம் பாவிக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குச் சினம் வரும். பெண்பிள்ளை தன் விருப்பத்தை விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் இரக்கம். விட்டுக்கொடுக்காவிட்டால் கல்நெஞ்சுக்காரி. நான் இரக்கத்தையே தொழிலாகச் செய்து சம்பளம் எடுக்கிறவள், எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

எங்கள் இல்லத்தில் பிராண்ட் என்று ஒரு அம்மா இருக்கிறார். சாப்பாட்டைக் கண்டால் வாயை இறுக்கிப் பூட்டிக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாவம் பார்த்து, கெஞ்சி, கரண்டியை வாய்க்குள் திணித்துவிட்டேன். அவர் என் முகத்தில் துப்பினார். துப்பியது சரிதான். பிறகு பழகிக்கொண்டேன். தட்டை முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பேன். மழையைப் பற்றி ஏதாவது சொல்வேன். ஒருநாள் பசிக்கும், அன்று கரண்டியைத் தானே தூக்குவார். நான் எழும்பிப் போகவும் மாட்டேன், திணிக்கவும் மாட்டேன்.

அப்பாவோடும் அப்படியே இருந்தேன். சண்டை பிடிக்கவில்லை, அழவில்லை, சாமின் பெயரை ஒளிக்கவும் இல்லை. சாம் இன்றைக்கு இதைச் சொன்னான், சாமுக்குத் தடிமல் என்று சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொல்வேன். அப்பா கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு வருடம் இப்படிப் போனது. போன வருடம் வைகாசியில், சூரிச் பயணத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, தெருப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு நான் சொன்னேன், நாங்கள் போகிற நெடுஞ்சாலை கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தால்தான் போகிறது என்று. அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். அந்த வழியால் இத்தனை வருடமாக ஓடுகிறவர், முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஒரு மணித்தியாலம்," என்றார். "தண்ணி மட்டும்தான் குடிப்பம்."

தண்ணீர் மட்டும் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சம்பந்தம் கதைக்கப் போகிற வீட்டில், சரி என்று மனம் வராமல் கை நனைக்கக் கூடாது. கை நனைத்தால் பிறகு இல்லை என்று சொல்ல முடியாது.

4

அது உலகக்கிண்ணக் காற்பந்து ஜேர்மனியில் நடந்த கோடை. கார்களில் எல்லாம் கொடி பறந்தது. துளசி எங்கள் காரிலும் ஒன்றைச் செருகியிருந்தாள். கொடி பறக்கச் சம்பந்தம் பேசப் போன முதல் யாழ்ப்பாணக் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

சாம் மூன்றாம் மாடியில் இன்னொரு பெடியனோடு பங்கு போட்டு இருந்தான். அந்தப் பெடியனைப் படம் பார்க்க அனுப்பிவிட்டு, வீட்டைத் துடைத்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு கதவில் நின்றான். "வாங்க அங்கிள், வாங்க ஆண்டி," என்று சொல்லிவிட்டு அப்பாவின் காலில் விழுவதா, கை கொடுப்பதா என்று தடுமாறி, இரண்டையும் அரைவாசி செய்தான்.

அம்மாதான் முதலில் மணத்தைப் பிடித்தார். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தவர், "இதென்ன, சொதியோ?" என்று கேட்டார். சாம் தன் தாயிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு வைத்த சொதி. தேங்காய்ப்பாலும் முருங்கைக்காயும் கிழங்குமாய் எங்களுடையதைவிடத் தடிப்பாக இருந்தது. தங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் இதுதான் விருந்து என்றான். இந்தியாவில் சாம்பாரைத் தவிர வேறொன்றும் வைக்கத் தெரியாது என்று அதுவரை உறுதியாக நம்பியிருந்த அப்பா எழும்பிப் போய்ச் சட்டிக்குள் பார்த்தார். அதற்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. தேங்காய் இங்கே என்ன விலை, முருங்கைக்காய் எந்தக் கடையில் கிடைக்கும், எங்கள் கடலுக்கும் அவர்கள் கடலுக்கும் இடையில் எவ்வளவு தூரம். ஒரு மணித்தியாலம் எப்போதோ முடிந்துவிட்டது. அப்பா மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

பிறகு அது நடந்தது. "சரி, ஒரு பிடி சாப்பிட்டிட்டு வெளிக்கிடுவம்," என்று அப்பா எழும்பிக் கை கழுவினார். அம்மா என்னைப் பார்த்தார். துளசிகூடக் காதிலிருந்து பாட்டுக் கருவியைக் கழற்றினாள். சாம் சோறு போட்டு, சொதியை ஊற்றினான். அப்பா பிசையத் தொடங்கினார்.

பிசைந்துகொண்டே, "அம்மா ஆரோடை இருக்கிறா, தம்பி?" என்று கேட்டார்.

நானும் சாமும் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தோம். இந்தியாக்காரன் திரும்பிப் போய்விடுவான் என்பதுதானே அப்பாவின் பயம், அதை முதல் கேள்வியிலேயே தீர்த்துவிட வேண்டும் என்று தொலைபேசியில் பேசி முடிவெடுத்திருந்தோம். சாம் பாடமாக்கியதை மலர்ந்த முகத்தோடு சொன்னான். "தனியாத்தான் அங்கிள். அப்பா நான் காலேஜ் படிக்கும்போதே இறந்துட்டாங்க. ஆனா ஒண்ணும் பிராப்ளம் இல்ல, அம்மா மேனேஜ் பண்ணிப்பாங்க. நான் இங்கயே செட்டில் ஆயிடுவேன். திரும்பிப் போற ஐடியாவே இல்ல."

அப்பாவின் கை நின்றது. பிசைந்த சோறு விரலில் இருந்தது. அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழும்பிப் போய்க் கை கழுவினார். "நேரம் போட்டுது. சூரிச்சிலை பாத்துக்கொண்டிருப்பினம்," என்றார். சாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உப்பு கூடிவிட்டதா என்று என்னிடம் கேட்டான்.

பிரைபூர்க் தாண்டிய பிறகு அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தாயைத் தனிய விட்டிட்டு இருக்கப் போறன் எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுறான். அப்பிடிப்பட்டவன் எனக்கு வேண்டாம்."

துளசி ஜேர்மன் மொழியில், நீங்கள் எல்லாரும் விசர் என்றாள். யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. உங்கள் மகளைக் கொண்டுபோய்விடுவான் என்பதற்காக வேண்டாம் என்றீர்கள், கொண்டுபோக மாட்டேன் என்று சொன்னதற்காகவும் வேண்டாம் என்கிறீர்கள், அவன் என்னதான் செய்ய வேண்டும் என்று நான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கண்ணாடியில் அப்பாவின் கண்கள் தெரிந்தன. அவர் சாமில் கோபமாக இருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

5

அப்பா தன் தாய்க்கு ஒரே பிள்ளை. தாயைத் தனிய விட்டுவிட்டு வந்தவர். எங்களைப் பிறகு கூப்பிட்டார், தாயைக் கூப்பிட வழி கிடைக்கவில்லை. அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்த காலம், நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர ஏலாது, ஊரிலும் சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் செத்தவீட்டுச் செய்தி யாரோ ஒருவர் வழியாகக் கிழமைகள் பிந்தி வந்தது. அப்பா குளியலறையில் தானே தலையை வழித்துக்கொண்டு, லிப்பே ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரில் இறங்கி நின்றார். நானும் கூடப் போனேன். நாயோடு நடக்க வந்த ஒரு ஜேர்மன்காரப் பெண், உதவி வேண்டுமா என்று கேட்டாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு மொழிபெயர்த்தவள் நான்தான். பள்ளிக்கூடத்தில் அதற்குரிய சொற்களை இன்னும் படிப்பிக்கவில்லை. அப்பாவின் அம்மா இறந்துவிட்டார், நாங்கள் போக முடியாது, அதனால் இங்கே நிற்கிறோம் என்று மட்டும் சொன்னேன். அவள் நாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் எங்களோடு நின்றாள்.

அன்றிலிருந்து அப்பா தாயைப் பற்றிக் கதைப்பதில்லை. கதைக்க நேர்ந்தால் ஒரே வசனம்தான். "நான் விட்டிட்டு வந்தனான்." வேறு ஒன்றும் சொல்ல மாட்டார்.

சாமின் சிரிப்பில் அவர் பார்த்தது தன்னைத்தான் என்று சூரிச்சில் மாமா வீட்டுப் பாயில் படுத்திருந்தபோது எனக்கு விளங்கியது. விளங்கியதும் இரக்கம் வந்தது. ஆனால் இரக்கம் வந்ததென்று சாமை விடுகிறவள் நான் இல்லையே. அடுத்த நாள் காலை, மாமியின் சமையலறையில் அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது முன்னால் போய் இருந்தேன்.

"விசாரிக்க ஆள் இல்லை எண்டு சொன்னனீங்கள். அவன்ரை அம்மா இருக்கிறா. நாங்கள் எல்லாரும் போவம். அவவிட்டை நீங்களே கேளுங்கோ. அவ வேண்டாம் எண்டால் எனக்கும் வேண்டாம்."

அப்பா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, விசரோ உனக்கு என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

சாமைச் சமாளிப்பது அதைவிடக் கஷ்டம். நீ சொன்னதைத்தானே சொன்னேன், இப்ப எங்க அம்மாவை எதுக்கு இதுல இழுக்கிற என்று கோபப்பட்டான். நான்கு நாட்கள் பேசவில்லை. ஐந்தாம் நாள் தானாகவே எடுத்து, அம்மாவிடம் சொல்லிவிட்டேன், வரச் சொல்கிறார்கள் என்றான். அவன் குரல் வித்தியாசமாக இருந்தது. தாய் தனியாக இருப்பதைப் பற்றி அவன் இலகுவாகச் சொன்னது அவனுக்கு அது இலகு என்பதால் அல்ல என்று அன்று தெரிந்துகொண்டேன்.

விசா எடுக்கிற கதை தனிக் கதை. கையில் இருப்பது ஜேர்மன் கடவுச்சீட்டு, பிறந்த இடம் என்ற இடத்தில் யாழ்ப்பாணம். அதனால் மேலதிகப் படிவங்கள், மேலதிகக் கேள்விகள், ஒரு டெர்மினுக்குப் பிறகு, அதாவது அலுவலகம் குறித்துத் தருகிற நேரத்துக்குப் பிறகு, இன்னொரு டெர்மின். வேலைக்கு லீவு போட்டுவிட்டு பிராங்பேர்ட்டில் இருக்கிற இந்தியத் துணைத்தூதரகத்துக்கு அலைந்தோம். ஒவ்வொரு முறையும் அப்பா, சரிவராது, விடுவம் என்பார். நான் அடுத்த டெர்மினை எடுத்துக்கொண்டு வருவேன். இதற்கிடையில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதையும் பூட்டிவிட்டார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் அப்பா செய்தி பார்த்துக்கொண்டே இருந்த அந்த நாட்களில், பயணத்தைப் பற்றி வாய் திறக்க எனக்கே கூச்சமாக இருந்தது. விசா வந்த அன்று அவர் தானாகவே பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்.

6

மார்கழியில் நாங்கள் நால்வரும் சாமும் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தோம். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அப்பா விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. தனியாக விடப்பட்ட ஒரு விதவைத் தாயைப் பார்க்கப் போகிறோம் என்று அம்மா வழியெல்லாம் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தார். திருநெல்வேலி ரயில் நிலையத்தில் துளசி, முதல் தடவையாகத் தானே தமிழில் பேரம் பேசி, ஓட்டோவில் எல்லாரையும் ஏற்றினாள். ஓட்டோக்காரர் அவளைக் கேரளாவா என்று கேட்டார்.

சாமின் தாய் கிரேஸ் டீச்சரின் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டுப் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். கணக்கு டியூஷன். கரும்பலகைக்கு முன்னால் கையில் சோக்குக்கட்டியோடு நின்ற உயரமான பெண், வாசலில் பெட்டிகளோடு நின்ற எங்களைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார். வாங்க வாங்க, உள்ள போய் உக்காருங்க, இந்த ஒரு கணக்கை மட்டும் முடிச்சிட்டு வந்திருதேன் என்றார். மகனைப் பார்த்து, "என்னல, மெலிஞ்சிட்ட," என்று சொல்லிவிட்டுப் பலகைக்குத் திரும்பிவிட்டார். உண்மையாகவே அந்தக் கணக்கு முடியும்வரை வரவில்லை. ஒரு பிள்ளைக்கு விளங்காமல் மறுபடி முதலிலிருந்து செய்தார். அம்மாவின் பெருமூச்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

பிள்ளைகள் போன பிறகு வந்து எங்களுக்கு முன்னால் இருந்தார். முழங்கால் வலி போல, இருக்கும்போது கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா அதைக் கவனித்தார். சுகம் விசாரித்து முடிந்ததும் அப்பா சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, தம்பி உங்களைத் தனிய விட்டிட்டு அங்கேயே இருக்கப் போறன் எண்டு சொல்லுறார். என்ரை பிள்ளைக்காண்டித்தான் அப்பிடிச் சொல்லுறார். எனக்கு அது சரியாப் படேல்லை. ஒரு தாயிட்டை இருந்து பிள்ளையைப் பறிச்ச பாவம் எங்களுக்கு வேண்டாம்."

சாம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிரேஸ் டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவன் எங்க விட்டுட்டுப் போனான்? நான்லா அனுப்பி வச்சேன்," என்றார். "திருநெல்வேலி ஸ்டேஷன்ல இவன் வண்டியில ஏறிட்டு, திரும்ப இறங்கப் பாத்தான். ஏல, உள்ள போன்னு சத்தம் போட்டேன். தனியா இருக்கது கஷ்டம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி கரண்டு போனா பயமாத்தான் இருக்கும். அதுக்காக வளந்த பிள்ளையக் கூப்பிட்டு மெழுகுவத்தியப் பிடிச்சிக்கிட்டு நிக்கச் சொல்லவா?"

பிறகு என்னைப் பார்த்து, வருடத்துக்கு ஒருதரம் நீங்கள் வர வேண்டும், ஒருதரம் நான் அங்கே வருவேன், பள்ளிக்கூட விடுமுறையில் மட்டும், அதற்கு ஒத்துக்கொண்டால் மற்றதைப் பேசலாம் என்றார். நான் ஓம் என்றேன். யோசிக்காமல் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அந்த ஓமுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அப்பா எங்கள் பேச்சில் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் யாருக்கும் என்று இல்லாமல், "என்ரை அம்மாவும் பஸ்ஸிலை ஏத்திவிட்டவ," என்றார். அதை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். அம்மாவும் கேட்டதில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. "நான் ஏறமாட்டன் எண்டு நிண்டனான். பிடிச்சுத் தள்ளி ஏத்திவிட்டவ. பஸ் வெளிக்கிட்டாப் பிறகும் அங்கையே நிண்டவ. வளைவு திரும்புமட்டும் தெரிஞ்சுது."

அப்பா தலையை நிமிர்த்தினார்.

"அக்கா, நீங்கள் இவரை அனுப்பிப்போட்டு வீட்டை வந்து என்ன செய்தனீங்கள்?"

கிரேஸ் டீச்சர் மெல்லச் சொன்னார். "என்ன செய்வேன்? காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. பசிச்சிது. சோறு பொங்கி, முட்டைய உடைச்சு ஊத்திச் சாப்பிட்டேன். கையக் கழுவின பெறகுதான் அழுதேன்."

"சாப்பிட்டனீங்களோ?"

"ஆமா, சாப்பிட்டேன். நல்லாவே சாப்பிட்டேன்."

அப்பா அழுதார். ஆற்றங்கரையில் அழாத மனிதர், அறிமுகமில்லாத ஒரு வீட்டில், அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதார். அம்மா எழும்பப் பார்த்தார், நான் கையைப் பிடித்து இருத்தினேன். இத்தனை வருடமும் அவருடைய மனதில் தாய் அந்தப் பஸ் தரிப்பிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு பிடி சோறு சாப்பிட்டிருப்பார் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

கிரேஸ் டீச்சர் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னையும் பார்க்காமல் சாமையும் பார்க்காமல் அவரிடமே சொன்னார்.

"அப்ப கலியாணத்துக்கு ஒரு நாளைப் பாப்பம், அக்கா."